‘பார்க்கலாம்’ எந்தக் கட்டத்தில்?

திங்கள்

பார்த்ததை இடது பக்கமும் நினைத்ததை வலது பக்கமும் எழுத வேண்டும் என்று வகுப்பில் மேடம் சொல்லியிருக்கிறார். களக் குறிப்பு என்றால் அப்படித்தானாம். முதல் வாரம் அப்படியே எழுதினேன். இரண்டாம் வாரம், எது பார்த்தது எது நினைத்தது என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வீட்டைப் பற்றி, “கதவைச் சலிப்போடு திறந்தார்” என்று இடது பக்கத்தில் எழுதியிருந்தேன். கதவு திறந்ததைப் பார்த்தேன். சலிப்பைப் பார்த்தேனா? அதனால் இப்போது கோடு போடாமல் ஒரே பக்கத்தில் எழுதுகிறேன். மேடத்துக்குக் காட்டும்போது பிரித்துக்கொள்ளலாம்.

பகலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். டாக்டர் சீட்டோடு வருபவர்களுக்குப் பிரேம் எடுத்துக் காட்டுவது, மூக்கில் ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்ப்பது, காதுக்குப் பின்னால் வளைத்துக் கொடுப்பது. மாலையில் தொழிற்பயிற்சிக் கட்டடத்தின் மாடியில் வகுப்பு. படிப்பின் பெயர் சமூக ஆய்வு, பயன்பாட்டுப் பிரிவு. சேர்ந்த அன்று வீட்டில் சொன்னபோது அண்ணி கேட்டாள்: “அப்ப பயன்படாத பிரிவுன்னு தனியா ஒண்ணு இருக்கா?” அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “இருக்கு, அதுல நான் ஏற்கெனவே பட்டம் வாங்கிட்டேன்” என்றான்.

இன்று வகுப்புக்கு உண்மையான வேலை வந்தது. இதுவரை செய்ததெல்லாம் ஒத்திகை.

சந்தைக்குப் பின்னால் சமூக நலத் துறையின் பகல் இல்லம் இருக்கிறது. மூன்று அறை, ஒரு முற்றம். வயதில் வளர்ந்தும் வீட்டில் தனியாக விட முடியாதவர்களைக் குடும்பத்தார் காலையில் அங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள், மாலையில் அழைத்துப்போவார்கள். மனவளர்ச்சி குன்றியவர்கள், வலிப்பு வருபவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். கூரை ஒழுகும் பழைய கட்டடம். துறை இப்போது ஊருக்கு வெளியே, புறவழிச் சாலையில் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறது. இல்லத்தை அங்கே மாற்றினால் குடும்பத்தார் தங்கள் ஆட்களை அனுப்புவார்களா? அதை வீடு வீடாகப் போய்க் கேட்டுச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் அனுப்புவதாகச் சொன்னால் பழைய இல்லம் மாதக் கடைசியில் மூடப்படும்.

துறையின் துணை இயக்குநரே வகுப்புக்கு வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் புதுக் கட்டடத்தின் படங்களை, பேரன் படத்தைக் காட்டுவதுபோல, ஒவ்வொருவரிடமும் காட்டினார். அகலமான கதவுகள், சாய்தளம், கைப்பிடி வைத்த குளியலறை, தோட்டம். இதற்காகப் பல வருடம் மேலிடத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறாராம். “வண்டி விடறோம். வீட்டுத் தெருமுனைக்கே வரும்” என்றார். நல்ல மனிதர். இதை நினைத்தது என்று போட வேண்டும்.

கேள்வித்தாளுக்கு எல்லோரும் ஆளுக்கொன்று எழுதினோம். மேடம் என்னுடையதைத் தேர்ந்தெடுத்தார். ஒரே கேள்வி, மூன்று கட்டங்கள்: அனுப்புவேன், அனுப்பலாம், அனுப்ப மாட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். “சுத்தமா இருக்கு” என்றார் மேடம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது.

செவ்வாய்

கடையில் விடுப்பு வாங்கிக்கொண்டேன். எனக்கு ஜோடி டிரைவர் அண்ணா. டவுன் பஸ் ஓட்டுகிறார், வகுப்பிலேயே மூத்தவர். “ஸ்டியரிங்கைப் புடிச்சுப் புடிச்சு அலுத்துப்போச்சு, பேனாவையும் புடிச்சுப் பாப்போம்னு வந்தேன்” என்பார். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அதனால் அவர் பேசுவார், நான் கட்டத்தில் டிக் அடிப்பேன் என்று முடிவு.

முதல் வீட்டில் ஒரு பெரியவர், தம்பியைப் பார்த்துக்கொள்பவர். கேள்வியை நான் படித்துக் காட்டியதும் முகவாயைத் தடவினார். “பாக்கலாம்மா” என்றார். இரண்டாவது வீட்டு அம்மா, “நல்லாத்தான் இருக்கும்னு சொல்றாங்க. பாக்கலாம்” என்றார். மூன்றாவது வீட்டில் கணவன் மனைவி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு சேர்ந்தாற்போல், “பாக்கலாம்” என்றார்கள்.

கூரியர் கடையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் மட்டும் பட்டென்று சொன்னார். அவருடைய அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். பழைய இல்லத்து வாசலில் படிக்கட்டு. தினமும் நாற்காலியோடு அப்பாவைத் தூக்கி ஏற்றித் தூக்கி இறக்க வேண்டும். “அனுப்புவேன். நாளைக்கேன்னாலும் அனுப்புவேன். என் முதுகைக் கேட்டா அதுவும் சொல்லும்.”

மதியத்துக்கு மேல் தையல் அக்கா வீட்டுக்குப் போனோம். பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை. தையல் கூடத்தில் மின்சாரம் இல்லாததால் இன்று வீட்டில் இருந்தார். ஒரே அறை. மீந்த துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்த திரை ஒன்று அடுப்படியை மறைத்திருந்தது. அதில் பாதிப் பள்ளிகளின் நிறமும் இருந்தது. ஜன்னலோரம் அவர் மகள் உட்கார்ந்து நூல்கண்டைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேச்சு வராது.

“முதல்ல தண்ணி குடி” என்று அக்கா சொம்பை நீட்டினார். “இந்த வெயில்ல வந்து கறுத்துப்போயிட்டியே. உங்க வீட்ல கேக்க மாட்டாங்களா?”

“அண்ணி கேப்பாங்க அக்கா.”

“கேக்கட்டும். அண்ணின்னா கேக்கணும்.”

கேள்வியைப் படித்தேன். அக்கா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நல்ல கட்டடம்னு எல்லாரும் சொல்றாங்க. பாக்கலாம்மா.”

தெருவுக்கு வந்ததும் டிரைவர் அண்ணா கேட்டார்: “இதெல்லாத்தையும் எதுல போடப்போற?”

“அனுப்பலாம் கட்டத்துல.”

“ம்.”

“என்னண்ணா ம்?”

“ஒண்ணுமில்ல. கட்டம் போட்டது நீ. நான் பஸ்ஸுக்குப் பின்னாடி தொங்கிட்டு வர ஆளு. போடு.”

போட்டேன். யோசிக்காமல் போடவில்லை. பார்க்கலாம் என்பது அனுப்புவேன் அல்ல, மாட்டேன் என்பதும் அல்ல. நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. அதுவும் ‘லாம்’ என்று முடிகிறது, இதுவும் ‘லாம்’ என்று முடிகிறது. இலக்கணமே என் பக்கம் இருந்தது. வகுப்பின் மற்ற ஜோடிகளும் போன் செய்து இதையே கேட்டார்கள். பார்க்கலாம் என்றால் அனுப்பலாம் என்று எல்லோருக்கும் நான்தான் விதி சொன்னேன்.

புதன்

கூட்டிப் பார்த்தோம். நடுக் கட்டம் வழிந்தது. மாட்டேன் என்ற கட்டத்தில் யாருமே இல்லை. முதல் இரண்டு கட்டங்களையும் சேர்த்து, “பெரும்பாலான குடும்பங்கள் புதிய இல்லத்துக்குச் சாதகமாக உள்ளன” என்று மேடம் எழுதினார். அந்த வாக்கியத்தில் குற்றம் கண்டுபிடிக்கப் பலமுறை படித்தேன், கிடைக்கவில்லை. அறிக்கை துறைக்குப் போனது. துணை இயக்குநர் வகுப்பு நேரத்திலேயே போன் செய்து, “ரொம்பத் தெளிவா இருக்கு மேடம். வர்ற திங்கட்கிழமை கூட்டத்துல வெச்சு முடிச்சிடறேன்” என்றார். மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டு எங்களைக் கேட்கவைத்தார். வகுப்பே கைதட்டியது.

வீட்டில் சொன்னேன். “அப்ப நீ ஒரு வீட்டையே மாத்திட்டேன்னு சொல்லு” என்றான் அண்ணன். “இந்த வீட்டுல அந்த பீரோவைக் கொஞ்சம் நகத்தித் தரச்சொல்லி நான் எத்தனை நாளா கேக்கறேன்” என்றாள் அண்ணி.

வியாழன்

கடைக்கு ஒரு நடுவயதுக்காரர் வந்தார். ஒவ்வொரு பிரேமாகப் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன் நின்று முகத்தை இடமும் வலமும் திருப்பினார். போனில் மனைவிக்குப் படம் அனுப்பினார். ஒன்று மிகவும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், அதையே மறுபடி மறுபடி எடுத்தார். விலையைக் கேட்டார். “நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு” என்றார். பிறகு, “பாக்கலாம்” என்றார்.

அவர் வாசல் படியில் கால் வைப்பதற்குள் என் கை பிரேம்களை அடுக்கி, டிராயரை உள்ளே தள்ளி, சாவியையும் திருப்பிவிட்டது.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். “பாக்கலாம்னுட்டாரா? போனது போனதுதான். வேண்டாம்னு சொல்றவனைக்கூட இழுத்துப் புடிச்சு உக்கார வெச்சு வித்துடலாம். பாக்கலாம்கிறவனை சாமி வந்தாலும் திருப்ப முடியாது” என்றார். இதை அவர் தினமும் சொல்வார். நானும் தினமும் தலையாட்டுவேன்.

சாவி கையிலேயே இருந்தது. கை செய்ததை இப்போதுதான் பார்த்தேன். அந்த மனிதர் மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அது மாட்டேன் என்றுதான் கேட்டது. சந்தேகமே வரவில்லை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற நான் இந்த ஒன்றில் மட்டும் எப்படி இவ்வளவு உறுதியாக டிராயரைப் பூட்டினேன்? அப்படியானால் செவ்வாய்க்கிழமை நான் கேட்டது என்ன?

உடனே இன்னொரு யோசனையும் வந்தது. கடைக்கு வருகிறவரும் வீட்டில் இருப்பவரும் ஒன்றா? ஒரு வாடிக்கையாளரை வைத்து ஒரு ஊரின் பதிலை மாற்ற நான் யார்? சாயங்காலம் வகுப்பில் டிரைவர் அண்ணாவைப் படிக்கட்டில் மடக்கினேன்.

“அண்ணா, அன்னிக்கு ம்-ன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?”

அவர் தலையைச் சொறிந்தார். “என் மச்சான் கடன் கேட்டா நான் பாக்கலாம்னுதான் சொல்வேன். அவனும் மறுபடி கேக்க மாட்டான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல!”

“நீ ஸ்கேல் வெச்சுல்ல கட்டம் போட்டிருந்தே. அதுல ஏதோ விஞ்ஞானம் இருக்கும்னு நெனச்சேன்.”

எனக்கு அழுகை வந்தது. அவர் பதறிப்போய், “ஏம்மா, டிரைவர் சொல்றதை நம்பிட்டு அழுவாங்களா?” என்றார்.

வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் கூடத்துக்குப் போனேன். தையல் அக்கா இல்லை. காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண், “மணி அடிச்சதும் பறந்துடுவாங்களே. இல்லத்துக்குப் போய்ப் பாரு” என்றார்.

இல்லம் அங்கிருந்து இரண்டு தெரு. முற்றத்தில் எல்லோருக்கும் ஆயா சோறு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா நடு அறையில் மகளோடு தரையில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். மூச்சு இன்னும் இறைத்துக்கொண்டிருந்தது. பாப்பா வாயைத் திறந்து காத்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அறைக்குள் போவது சரியில்லை என்று பட்டது.

முடித்துவிட்டுக் கை கழுவ வந்த அக்கா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். “என்னம்மா? கையெழுத்து ஏதாவது விட்டுப்போச்சா?”

என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். நீங்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் இன்னொரு பார்க்கலாம்தான் வரும். அதனால், “அக்கா, நேத்து என்ன நடந்துச்சுன்னு காலையிலேர்ந்து சொல்றீங்களா? எது நடந்துச்சோ அதை மட்டும்” என்றேன்.

“நேத்தா? நேத்து என்ன, எப்பவும்போலதான்” என்று ஆரம்பித்தார். நடந்துகொண்டே சொன்னார், ஏனென்றால் மணி அடிக்கப்போகிறது. காலையில் பாப்பாவைக் குளிப்பாட்டி, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து விடுவார். வண்டி என்றால் பாப்பாவுக்கு ஆகாது, ஏறியதும் கத்துவாள், தலையை மோதிக்கொள்வாள். மதியம் மணி அடித்ததும் ஓடிவந்து ஊட்டுவார். மற்றவர் கையால் பாப்பா ஒரு வாய்கூட வாங்கமாட்டாள். ஆயா பல மாதம் முயன்றிருக்கிறார். அக்காவுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாளும் பாப்பா பட்டினி கிடந்திருக்கிறாள்.

“இப்படி ரெண்டு தெருவுல இருக்கிறதாலதான் இந்த வேலைக்கே வந்தேன். மேஸ்திரிக்கும் தெரியும். மணிக்குள்ள தையல் மெஷின்ல உக்காந்துட்டா ஒண்ணும் சொல்ல மாட்டார்.”

“புறவழிச் சாலைக்கு மாத்திட்டா?”

“அங்கேர்ந்து ஓடிவர முடியுமா?” என்று சிரித்தார். “வேலைய விட்டுட வேண்டியதுதான். வீட்ல உக்காந்து ஏதாவது தைக்கலாம். யார் குடுப்பாங்களோ.”

“அப்ப ஏங்க்கா என்கிட்ட மாட்டேன்னு சொல்லல?”

தையல் கூடத்து வாசல் வந்துவிட்டது. அக்கா நின்றார்.

“எப்படிம்மா சொல்றது? நீ வேகாத வெயில்ல வந்து நிக்கிற. கவர்மெண்டு காகிதம் வெச்சிருக்க. ஆசையா கட்டியிருக்காங்க, முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அப்புறம், இதுவும் வேண்டாம் அதுவும் வேண்டாமான்னு இருக்கிறதையும் எடுத்துட்டா நான் எங்க போவேன்?” மணி அடித்தது. “நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. உன் வேலைய நீ பாத்த” என்று என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே ஓடினார். நாலு அடி போய்த் திரும்பி வந்தார். “ஒண்ணு மட்டும். எழுதறதுன்னா எழுதிக்கோ. ஆனா ஆளைக் கூட்டிட்டு வந்து பாப்பா சாப்பிடறதை வேடிக்கை காட்டாத. அவ குழந்தை இல்ல.”

மாலையில் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதில் சொன்னது அவர்கள், கட்டத்தைத் தேர்ந்தெடுத்தது நான் என்று சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூக்குப் பட்டை தளர்ந்திருந்தது, கவனித்தேன். இந்த நேரத்தில் அதைக் கவனித்ததற்காக வெட்கப்பட்டேன்.

“கையெழுத்துப் போட்டு அனுப்பினது நான்” என்றார் கடைசியில். “சாதகம்னு எழுதினப்ப எனக்கு உறுத்தவே இல்ல. எனக்கும்தான் நாலு பேர்கிட்ட பாக்கலாம்னு சொல்லத் தெரியும்.” பிறகு வழக்கமான மேடமாகிவிட்டார். “ஆனா ஒரு அக்கா சொன்னதை வெச்சு எல்லாரும் மாட்டேன்னு எழுதினா, அது இதைவிடப் பெரிய தப்பு. புரியுதா? திங்கட்கிழமைக்குள்ள எல்லா வீட்டுக்கும் மறுபடி போகணும். எல்லார்கிட்டயும் உன் கேள்விதான். நேத்து என்ன நடந்துச்சு? கட்டம் கிடையாது. அவங்க வார்த்தையிலேயே எழுதிட்டு வாங்க.”

வகுப்பு முணுமுணுத்தது. சனி ஞாயிறில் எல்லோருக்கும் ஆயிரம் வேலை. “நான் வரேன்” என்று முதலில் கையைத் தூக்கியவர் டிரைவர் அண்ணா. “என் எழுத்து புரியாதுன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது.”

ஞாயிறு

எல்லா வீடுகளுக்கும் போய் வந்தோம். நேற்று என்று கேட்டால் மனிதர்கள் எவ்வளவு பேசுகிறார்கள்! தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சந்தையில் மூட்டை எடைபோடுகிறவர். தம்பிக்கு வலிப்பு வந்தால் ஆயா சுவரோரம் நின்று குரல் கொடுப்பாராம், இவர் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாராம். கணவன் மனைவி இருவரும் வெவ்வேறு ஷிப்டு. ஒருவர் விட, ஒருவர் அழைத்துக்கொள்ள, நடுவில் சாவியை இல்லத்தில்தான் மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய பார்க்கலாம், உண்மையிலேயே பார்க்கலாம்தான். கூரியர் இளைஞர், “நேத்தா? நேத்து அப்பாவைத் தூக்கறப்ப கால் இடறிடுச்சு” என்று முழங்கையைத் திருப்பிக் காட்டினார்.

அந்த முழங்கை என் மனதை விட்டுப் போகவில்லை. பழைய இல்லம் இருக்கட்டும் என்று சொன்னால் இவருடைய படிக்கட்டும் அல்லவா இருக்கும்? தையல் அக்காவைப் பிடித்துப்போனதால் அவர் பக்கம் சாய்கிறேனா? அண்ணியிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேருக்கும் ரெண்டு அளவு சட்டை வேணும்னா, ஒண்ணைக் கிழிச்சுத்தான் இன்னொண்ணைத் தைக்கணுமா?” என்றாள். “இந்தா, அந்த முனையைப் புடி.”

திங்கள்

துறை அலுவலகத்தில் கூட்டம். நீள மேசை, சுற்றிலும் கோப்பு அடுக்கிய அலமாரிகள். துணை இயக்குநரோடு அவர் அலுவலர்கள் இரண்டு பேர். எங்கள் பக்கம் மேடம், டிரைவர் அண்ணா, நான். டிரைவர் அண்ணா காக்கிச் சட்டையோடு வந்திருந்தார், முடிந்ததும் டூட்டிக்குப் போக வேண்டும்.

மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார்: “சார், போன வாரம் நாங்க குடுத்த அறிக்கையைத் திருப்பி வாங்கிக்க வந்திருக்கோம்.”

துணை இயக்குநரின் முகம் விழுந்துவிட்டது. “கூட்டமே அதுக்குத்தானே மேடம்? அப்ப அது பொய்யா?”

“பொய் இல்ல சார்” என்றேன். “அவங்க சொன்னதை நாங்க தப்பான கட்டத்துல போட்டுட்டோம். கட்டம் போட்டது நான்.”

பிறகு வீடு வீடாக நடந்ததைப் படித்தேன். தராசு, சாவி, முழங்கை. யாருடைய பேரையும் சொல்லவில்லை. தையல் அக்காவுடையதைக் கடைசியில் படித்தேன். துணை இயக்குநர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே கேட்டார்.

“ஊட்டறதுக்கு அங்க ரெண்டு பேரைப் புதுசா போட்டிருக்கோமே. பழக்கினா பழகிடாதா?”

“பழகலாம் சார். பழகறதுக்குள்ள அவங்க வேலை போயிடும்.”

“நானே ஒரு நாள் மதியம் வந்து பாக்கறேனே. கண்ணால பாத்தா மேலிடத்துல பேச வசதியா இருக்கும்.”

அவர் வந்து பார்த்தால் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வாயில் சரி என்று வந்துவிட்டது. விழுங்கினேன்.

“வேண்டாம் சார். யாரும் வந்து வேடிக்கை பாக்கக் கூடாதுன்னு அந்தம்மா கேட்டுக்கிட்டாங்க.”

அலுவலர்களில் ஒருவர் புருவத்தைத் தூக்கினார். துணை இயக்குநர் தட்டுவதை நிறுத்தினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். போனில் இருக்கும் அந்தப் படங்களை நினைக்கிறாரோ என்று தோன்றியது.

“அதுவும் சரிதான்” என்றார் மெதுவாக. “என் வீட்டுக்கு எவனாவது வந்து பாத்தா நானும் விடமாட்டேன்.” பிறகு காகிதங்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். “சரி. பாக்கலாம்.”

டிரைவர் அண்ணா இருமினார். அந்த இருமலில் சிரிப்பு கலந்திருந்தது. மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“என்ன?” என்றார் துணை இயக்குநர்.

“ஒண்ணுமில்ல சார்” என்றார் மேடம். “அந்த வார்த்தையை இப்ப எந்தக் கட்டத்துலயும் போடறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் முதலில் அவருடைய அலுவலர்தான் சிரித்தார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். “மாட்டிவிட்டுட்டீங்களே. சரி, ஆமாவா இல்லையான்னு கேளுங்க.”

“பழைய இல்லத்தை மாதக் கடைசியில மூடுவீங்களா சார்?” என்று நான் கேட்டேன்.

அது சுலபமாக முடியவில்லை. ஆயாக்கள் இரண்டு இடத்துக்கும் போதமாட்டார்கள் என்றார் ஒருவர். கூரையை யார் சரிசெய்வது என்றார் இன்னொருவர். பழைய இல்லத்துக்குச் சாமான் கொண்டுவரும் வண்டி சந்தை வழியாக வர முடியாது என்று துறை சொன்னதை டிரைவர் அண்ணா மறுத்தார். காலையில் சந்தைச் சரக்கு இறக்கி முடிந்துவிட்டால் யானையே வரலாம் என்றார். துணை இயக்குநர் கணக்குப் போட்டார், அடித்தார், மறுபடி போட்டார். கடைசியில் எங்கள் எதிரிலேயே எழுதினார். புதிய இல்லம் திறக்கும், வர விரும்புகிறவர்கள் உடனே வரலாம். பழைய இல்லத்தை இந்த ஆண்டு மூடுவதில்லை. நடு அறையும் முற்றமும் மட்டும் இயங்கும், ஒரே ஆயா. ஆண்டு முடியும்போது மறுபடி பார்க்கப்படும்.

முழு வெற்றி என்று எழுதக் கை வரவில்லை. ஆண்டு முடிவில் வேறு யாரோ வேறு கட்டங்களோடு வருவார்கள். கூரையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஒரே ஆயா எல்லோரையும் எப்படிச் சமாளிப்பார் என்பதும் தெரியவில்லை. ஆனால் கூரியர் இளைஞர் செய்தி கேட்டதும் போனிலேயே கத்தினார்: “அப்பா, கேட்டுதா?”

செவ்வாய்

மதியம் முதலாளியிடம் கெஞ்சி அரைமணி வாங்கிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். இந்தத் தடவை அக்காவே, “உள்ள வா, ஏன் வாசல்ல நிக்கிற” என்றார்.

பிசைந்துகொண்டே கேட்டார். நான் சொன்னேன். அவர் கை ஒரு நொடி நின்றது.

“அப்ப நாளைக்கும் இங்கதானா?”

“நாளைக்கும் இங்கதான்க்கா. இந்த வருஷம் பூரா.”

“வருஷம் பூராவா” என்றார். திடீரென்று எழுந்தார். “ஆயாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். கிழவி நேத்தெல்லாம் கண்ணைக் கசக்கிட்டு இருந்துச்சு. நீ ரெண்டு வாய் குடுத்துட்டு இரு, முயற்சி பண்ணு, உன் அதிர்ஷ்டம் எப்படின்னு பாப்போம்.” கிண்ணத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பாப்பாவும் நானும் தனியாக இருந்தோம். அவள் என்னை நேராகப் பார்த்தாள். இத்தனை வீடுகளில், இத்தனை நாளாக, இவளை வைத்து எல்லோரிடமும் கேட்டிருக்கிறோம், இவளைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. சின்ன உருண்டையாக உருட்டி, “பாப்பா, வேணுமா?” என்றேன்.

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னொரு தடவை நீட்டினேன். முழங்கையால் என் கையைத் தள்ளிவிட்டாள். சோறு என் உடையெல்லாம் சிதறியது.

“என்னை மாதிரி வாயைக் கட்டி வெச்சுக்கிறவ இல்ல என் பொண்ணு” என்று சிரித்துக்கொண்டே அக்கா உள்ளே வந்து கிண்ணத்தை வாங்கினார். அவர் உருட்டி முடிப்பதற்குள் பாப்பா திரும்பி வாயைத் திறந்துவிட்டாள்.

“கொஞ்சம் நகந்து உக்காரு” என்றார் அக்கா என்னிடம். “மணி அடிச்சிடும்.”